மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டதால் ஸ்கேன் எடுத்தவர்களின் அனுபவங்கள்

பதிவு 1

மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பின் இரத்தம் பட்டதால், பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. திரையில் கருப்பையின் நடுவே தெரிந்த வெண்மையான பட்டையின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்து அளந்த மருத்துவர், ஒன்றும் பேசாமல் மறுபடியும் அளந்தார். அந்தக் கணம் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. பிறகுதான் அந்தப் பட்டை கருப்பையின் உட்படலம் என்றும், அதன் தடிமன் 3 மி.மீ. என்றும், அது மெலிந்ததால் வந்த கசிவு என்றும், திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவையில்லை என்றும் சொன்னார். அவர் ஏன் இரண்டாம் முறை அளந்தார்?

பதிவு 2

என் அக்கா மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் எடுத்துவந்தவர். அவருக்கு உட்படலம் 14 மி.மீ. என்று வந்தது. அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, வீடு வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அந்த மருந்து உட்படலத்துக்கு அடியில் நீர்க்கட்டி போன்ற மாற்றங்களை உண்டாக்கி, ஸ்கேனில் தடிப்பாகக் காட்டக்கூடும் என்பதை கருப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தவர்தான் விளக்கினார். உள்ளே இருந்தது பாலிப் எனப்படும் ஒரு சதை வளர்ச்சி. அதில் புற்றுநோய் இல்லை.

பதிவு 3

முதலில் எழுதிய சகோதரிக்கு: படலம் மிகத் தடித்திருக்கும் இடத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதால் மறுபடி அளப்பது வழக்கமே. ஆனால், பயாப்ஸி தேவையில்லை என்பதோடு அது முடிந்துவிட்டதாக நீங்கள் கருதினால், அதை நான் ஏற்கமாட்டேன். 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய் இல்லாதிருக்கும் வாய்ப்பு 99 விழுக்காட்டுக்கும் மேல் என்பது உண்மைதான். எனினும் மீண்டும் இரத்தம் பட்டால், படலம் மெலிந்திருந்தாலும் திசு எடுத்துப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் சிலவகைப் புற்றுநோய்கள் படலத்தைத் தடிக்கச் செய்யாமலே வளரும். என் அம்மாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. பயாப்ஸிக் குழாய் கருப்பைக்குள் கண்ணால் பாராமல் திசுவை எடுப்பதால், ஓர் ஓரத்தில் மட்டும் இருக்கும் பாலிப் தப்பிவிடக்கூடும். ஆகவே முடிவு நன்றாக வந்தும் கசிவு தொடர்ந்தால், உப்புநீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் அல்லது ஹிஸ்டரோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவு 4

மேலே எழுதியவர் சொன்னது சரியே என்றாலும், இதைப் படிப்பவர்களுள் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது என்பதையும் அவர் சேர்த்திருக்க வேண்டும். என் அறிக்கையில் எண்ணே இல்லை. நார்க்கட்டிகள் மறைத்ததால் உட்படலம் தெளிவாகத் தெரியவில்லை என்று மட்டும் இருந்தது. எல்லாம் சரி என்று அதைப் படித்துக் காட்டிய உறவினரை நம்பாமல் மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அளக்க முடியாத ஸ்கேனை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது என்று கூறி, அவர் அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.