காண்டம் கதீட்டர், லெக் பேக், டயப்பர்: வீடுகளில் நேரில் பார்த்தவை

சிறுநீர் கசியும் ஆண்களுக்கு வீட்டில் எதை மாட்டுவது என்ற ஒரு வரிக் கேள்விக்கு வந்த பதில்கள் இவை. காண்டம் கதீட்டர் என்பது ஆணுறை மாதிரி உறுப்பின் மேல் மாட்டி, குழாய் வழியாகச் சிறுநீரைப் பைக்கு அனுப்பும் உறை; லெக் பேக் என்பது காலில் கட்டும் அந்தப் பை.

வெண்ணாறு_வீட்டுநர்ஸ்

நீடாமங்கலம் பக்கம் ஒரு வீடு. பக்கவாதம், 70 தாண்டியவர், ராத்திரியில் கழன்றுகொண்டே இருந்த காண்டம் கதீட்டர். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கைலியை விலக்கியதும் கண்ணில் பட்டது நிறம். அடியில் வெள்ளை பிளாஸ்டர் மூன்று சுற்று. அதற்கு முன்னால் உறுப்பு முழுக்கக் கத்தரிக்காய் ஊதா. பிளாஸ்டரின் விளிம்பு வீக்கத்துக்குள் புதைந்து தெரியவே இல்லை. முந்தின ராத்திரி 11 மணிக்கு மகன் சுற்றியது. "இனிமே கழலாதுன்னு நெனச்சேங்க" என்றார். பெரியவருக்கு அந்தப் பக்கம் உணர்வு குறைவு, பேச்சும் இல்லை.

பேண்டேஜ் கத்தரியின் மொண்ணை முனையைப் பக்கவாட்டில் நுழைத்து வெட்டியதும் நிறம் மெல்லத் திரும்பியது. வீக்கம் மறுநாளும் முழுசாக வற்றவில்லை. கருப்பாகவோ சில்லிட்டோ இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ரத்த ஓட்டம் நின்றால் தசை அழுகிவிடும்.

உறை கழலாமல் பிடிக்கும் பட்டையை வளையமாகச் சுற்றக்கூடாது. பந்தல் காலில் அவரைக் கொடி சுற்றி ஏறுமே, அந்த மாதிரி சாய்வாகப் போகணும், இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாக்கெட்டோடு வரும் இழுவைப் பட்டைதான், காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் இல்லை. பிளாஸ்டர் இழுபடாது. இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டை என்றால் முதலில் தோலில், அதன் மேல் உறை. வெல்க்ரோ வைத்த நுரைப் பட்டை என்றால் உறைக்கு மேலே, விரல் நுனி நுழையும் தளர்ச்சியில். நூல், ரப்பர் பேண்டு எதுவும் கிட்டேயே வரக்கூடாது. மாட்டின அரை மணியில் ஒரு தடவை நிறம் பாருங்கள், பிறகு பை காலி செய்யும்போதெல்லாம் பாருங்கள்.

கடைத்தெரு_பார்மசி

நர்ஸ் அக்கா பிளாஸ்டரைத் திட்டுகிறார். பிளாஸ்டர் ஏன் வந்தது? உறை கழன்றதால். உறை ஏன் கழன்றது? அளவு தப்பு. அதைச் சொல்லாமல் மகனைக் குற்றவாளி ஆக்கினால் எப்படி?

மன்னார்குடியில் கவுண்டரில் நடந்தது. ஒரு அம்மா, கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, மடித்த தாள் ஒன்றைத் தள்ளினார். உள்ளே பூக்கட்டும் வாழைநார் ஒரு துண்டு, ஒரு இடத்தில் நகத்தால் கீறல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேலில் வைத்தால் சரியாக 10 சென்டிமீட்டர். 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 32 மில்லிமீட்டர். அவர்கள் அதுவரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது 35. கழலாமல் என்ன செய்யும்?

இங்கே சாதாரணமாகக் கிடைப்பது 25, 30, 35. சுற்றளவில் சொன்னால் ஏறக்குறைய 7.9, 9.4, 11 சென்டிமீட்டர். உறுப்பு தளர்ந்திருக்கும்போது, தண்டின் பருமனான இடத்தில் அளக்கணும். குளிர்ந்த தண்ணீரில் கழுவிய கையோடு அளந்தால் சுருங்கியிருக்கும், அளவு தப்பும். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் சின்னது, இந்தக் கேஸில் 30. ஆனால் போட்டபின் தோலில் பள்ளம் விழுந்தால் அது உங்கள் அளவு இல்லை. நிறைய கடையில் நடு அளவு ஒன்றுதான் இருப்பு இருக்கும், "எல்லாருக்கும் இதுதாங்க" என்று கொடுத்துவிடுவார்கள். நம்பாதீர்கள். கேட்டால் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார்கள்.

இன்னொன்று. லேடெக்ஸ் உறை மலிவு, ஆனால் உள்ளே தோல் தெரியாது. சிலிக்கான் கண்ணாடி மாதிரி, சிவந்தால் வெளியிலிருந்தே தெரியும், ரப்பர் ஒவ்வாதவருக்கும் அதுதான். அலசிக் காயவைத்து மறுபடி போடுவது வேண்டாம். ஒரு நாள், ஒரு உறை.

பிசியோ_பேராவூரணி

அளவு சரி, பட்டையும் சரி. ஆனாலும் கெடும்.

தென்னையிலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இந்தப் பக்கம் இப்படி எத்தனை பேர் என்று சொல்லவேண்டியதில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தூக்குகிறார்கள். வேட்டிக்குள் ஏதோ உருண்டையாக. விலக்கினால் உறையின் முனை பலூன் மாதிரி உப்பி நிற்கிறது, கழுத்தில் ஒரே ஒரு முறுக்கு. அடுத்த நொடி "டப்" என்று பிடுங்கிக்கொண்டு நாற்காலி, தரை, தூக்கியவர் சட்டை எல்லாம் நனைந்துபோனது. அந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முறுக்கு எதனால்? மொட்டுக்கும் (உறுப்பின் நுனி) உறை முனைக்கும் நடுவே விட்ட இடைவெளி நாலு விரல். விடவேண்டியது 2 முதல் 2.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். அதற்குக் குறைந்தால் முனை மொட்டில் உரசிப் புண்ணாக்கும். கூடினால் உறை துவளும், முறுக்கும், சிறுநீர் தேங்கி, தோல் ஊறி வெளுத்து உரியும். குழாயைத் தொடையில் ஒட்டவில்லை என்றால் கால் புரளும்போது அதுவும் சேர்ந்து முறுக்கும். ஒட்டும்போது கொஞ்சம் தளர்வு விடுங்கள், விறைப்பாக இழுத்து ஒட்டினால் உறையையே இழுத்துவிடும்.

தண்டுவடக் காயத்தில் தானாக விறைப்பு வரும். இழுபடாத பட்டை போட்டிருந்தால் அப்போதுதான் இறுக்கும், அவருக்குத் தெரியாது. காயம் முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ (டி6) அதற்கு மேலேயோ இருந்தால் இன்னொரு ஆபத்து: குழாய் அடைத்துச் சிறுநீர்ப்பை நிரம்பினால் தலை பிளக்கிற வலி, முகம் சிவப்பு, மேல் உடம்பில் வியர்வை, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், குழாயில் மடிப்பு இருக்கிறதா பாருங்கள், பட்டையைத் தளர்த்துங்கள். குறையாவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், 108.

வார்டு_ராத்திரி

மூன்று பேரும் உறையை எப்படி மாட்டுவது என்றே எழுதுகிறீர்கள். மாட்டலாமா என்று யாராவது பார்த்தீர்களா?

கல்யாணப் பந்தியிலிருந்து ஒருவரை நேராகக் கூட்டி வந்தார்கள். டயப்பர் கட்டியிருந்தார், ஒரு நாளைக்கு ஆறு ஏழு மாற்றுகிறார்களாம், "சொட்டு சொட்டா போய்க்கிட்டே இருக்கு, அடக்க முடியல". தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் இளநீர்க்காய் மாதிரி உருண்டு கெட்டியாக இருந்தது. குழாய் விட்டதும் 900 மில்லி. அவருக்கு அடக்க முடியாத கோளாறே இல்லை. புராஸ்டேட் அடைத்து, நிரம்பி வழிந்திருக்கிறது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழிவதைப் பார்த்து ஏரி உடைந்துவிட்டது என்று நினைத்த கதை.

இவருக்கு உறையும் தப்பு, டயப்பரும் தப்பு. இரண்டும் வழிவதை மறைக்கும், உள்ளே சிறுநீரகம் கெடும். அதனால் எதை வாங்கும் முன்னாலும், சிறுநீர் போனபின் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன். சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே எழுதித் தருவார்கள், கேட்டு வாங்கணும்.

அடுத்தது, புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து இருமினால், எழுந்தால் கசிபவர்கள். இவர்களுக்கு முழு உறை தேவையே இல்லாமல் போகலாம். பல பேருக்குச் சில மாதத்தில் குறையும். அதற்கு ஒரு பயிற்சி: காற்று வெளியேறாமல் அடக்குவது போல உள்ளே இழுத்து, 5 விநாடி பிடித்து, விட்டு, 10 தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. போகப்போக 10 விநாடி வரை. தொடையையும் வயிற்றையும் இறுக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. ஒன்றுக்குப் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், அது வேறு கெடுதல். அதுவரை ஆண்களுக்கான கசிவு பேடு, இறுக்கமான ஜட்டிக்குள். உறுப்பைக் கவ்வும் கிளிப் ஒன்றும் விற்கிறார்கள். கை நன்றாக வேலை செய்கிறவருக்கு, உணர்வும் ஞாபகமும் உள்ளவருக்கு மட்டும். சொட்டு நிற்கிற அளவுக்குத்தான் இறுக்கணும், ஒன்று இரண்டு மணிக்கு ஒருதரம் கழற்றணும், தூங்கும்போது கிடையவே கிடையாது. மறதி நோய்க்காரருக்கு அதை மாட்டுவதும் நர்ஸ் அக்கா பார்த்த பிளாஸ்டரும் ஒன்றுதான்.

நீர் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துவிட்டு ராத்திரி படுக்கை நனைகிறது என்று புலம்புகிற வீடுகள் உண்டு. காலையில் கொடுக்கலாமா, இரண்டாவது வேளையை மதியத்துக்குத் தள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கசிகிறது என்று தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம். சிறுநீர் கெட்டியாகிக் கடுக்கும், மலம் இறுகும், மலம் இறுகினால் கசிவு இன்னும் கூடும். பகலில் குடித்துவிட்டு ஆறு மணிக்கு மேல் குறைத்தால் போதும். திடீரென்று கால் பலவீனத்தோடு, பின்பக்கம் மரத்துப்போய்க் கசிவு ஆரம்பித்தால் அது இந்தப் பேச்சே இல்லை, அன்றே ஆஸ்பத்திரி.

குடந்தை_கம்பவுண்டர்

வார்டு சார், நல்லா எழுதறீங்க, ஆனா கேட்டது ஒரு வரி, நீங்க எழுதினது ஒரு பாடம்.

கும்பகோணம்னா வெத்தலை மட்டுமில்ல, யானைக்கால், விரைவீக்கம் ரெண்டும் இந்த ஊர்ப் பேரோட ஒட்டிக்கிட்ட வியாதிதான். 20 வருஷமா வீக்கத்தைக் கோமணத்துல தூக்கிக் கட்டிக்கிட்டே வயல் வேலை பார்த்தவர். இப்ப கசிவும் சேர்ந்துடுச்சு. யாரோ உறை மாட்டிவிட்டிருக்காங்க. போய்ப் பார்த்தா உறை, குழாய், பை எல்லாம் ஒழுங்கா கோத்திருக்கு, ஆனா கட்டில் கம்பியில சும்மா தொங்குது, உள்ளே ஆளில்லை. வீக்கத்துக்குள்ள உறுப்பு புதைஞ்சு மொட்டு மட்டும் எட்டிப் பார்க்குது. எதுல மாட்ட?

உருட்டி ஏத்த 3 சென்டிமீட்டராவது தண்டு வெளியே நிக்கலேன்னா வாழைநாரும் வேண்டாம், அளவும் வேண்டாம். சுத்தி இருக்கிற தோல்ல ஒட்டுற பை ஒண்ணு இருக்கு, இங்கே சுலபத்துல கிடைக்காது. அவர் கட்டுற அதே கோமணத்துக்குள்ள பேடை மடிச்சு வெச்சா நல்லா நிக்குது, தொடை இடுக்குல உரசல் கம்மி. ஈரமானா மாத்தணும், அவ்வளவுதான். வீக்கத்துக்கு ஆபரேஷன் இருக்கு, அரசு ஆஸ்பத்திரியிலேயே பண்றாங்க.

டயப்பர் கட்டுறவங்களுக்கு ஒண்ணு: சித்திரை வெயில்ல கரன்ட்டும் போச்சுன்னா நாலு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. சர்க்கரைக்காரருக்கு இடுக்குல சிவந்து, ஓரத்துல சின்னச் சின்னப் பொட்டா வந்தா அது வேர்க்குரு இல்ல, பூஞ்சை. பவுடர் கொட்டாதீங்க.

வெண்ணாறு_வீட்டுநர்ஸ்

பார்மசி தம்பிக்கு: அந்த வீட்டில் அளவு சரியாகத்தான் இருந்தது, 30. கழன்றது எண்ணெயால். குளிப்பாட்டியதும் தேங்காய் எண்ணெய் தடவுவது அந்த வீட்டு வழக்கம். எண்ணெய், பவுடர், கிரீம் மூன்றில் எது இருந்தாலும் பசை பிடிக்காது.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவணும், கழுவியதும் முன்தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவரணும். அப்படியே விட்டால் மொட்டைக் கவ்வி வீங்கிவிடும். பிறகு துடைத்து, ஃபேன் காற்றில் 10 நிமிஷம். முடியைக் கத்தரியால் குட்டையாக வெட்டினால் போதும், சவரம் வேண்டாம், பொரிந்துவிடும். ஒரு தாளில் ஓட்டை போட்டு அதற்குள் உறுப்பை விட்டுக்கொண்டால் முடி உறையில் சிக்காது. உறையை உருட்டி ஏற்றியதும் உள்ளங்கையால் அரை நிமிஷம் பொத்திப் பிடிக்கணும், உடம்புச் சூட்டில்தான் பசை இளகி ஒட்டும். கழற்றும்போது இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நனைத்த துணியைச் சுற்றி வைத்து, உருட்டி எடுங்கள். தோலில் கொப்புளம், உரிந்த இடம் இருந்தால் ஆறும் வரை உறைக்கு லீவு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்புக்கு வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, வரும் நர்ஸை ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வடவாறு

லெக் பேக் பற்றி யாரும் சொல்லவில்லை. கோயில் அன்னதானத்தில் ஒரு பெரியவர், பைக் கட்டு கெண்டைக்காலில். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரசம் வரும் நேரத்தில் இலைக்கு முன்னால் வேட்டி நனைந்துகொண்டு வந்தது. முழங்கால் மடிப்பில் குழாய் நசுங்கி, பின்வாங்கி, உறை ஓரமாகப் பீறிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, பரிமாறுகிறவர் மட்டும் அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பந்திக்குப் போவதென்றால் பையைத் தொடையின் உள்பக்கம் கட்டணும், குழாயை அதற்கேற்ப வெட்டிச் சுருக்கணும், உட்காரும் முன் காலி செய்யணும். நாற்காலி கேட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. லெக் பேக் பெரும்பாலும் 500 அல்லது 750 மில்லி. பாதிக்கு மேல் நிரம்பவிட்டால் கனம் இழுக்கும். ராத்திரிக்கு 2000 மில்லி பையை லெக் பேக்கின் அடிக்குழாயில் கோத்துவிடுங்கள், கட்டிலுக்குக் கீழே தொங்கணும், தரையைத் தொடக்கூடாது.

கடைத்தெரு_பார்மசி

லெக் பேக்கின் ரப்பர் ஸ்ட்ராப் வியர்வையில் தொடையை அறுக்கிறது என்று நிறைய பேர் திரும்பக் கொண்டு வருகிறார்கள். அதை வடவாறு சொல்லவில்லை. பழைய காட்டன் சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு, மேல் குழலை மட்டும் தொடையில் ஏற்றி, அதன் மேல் ஸ்ட்ராப் கட்டுங்கள். ஒல்லிக் கால் என்றால் பெரியவர் சாக்ஸ் போதும், இல்லையென்றால் பனியன் கையை வெட்டிக்கொள்ளலாம். தினம் துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும்.