பள்ளிக்கூடத்துக்குச் சின்னத் தெறிப்புத் தொலைகாட்டி: 127/1000 எடுப்பதா, 130/650 எடுப்பதா?

குளக்கட்டு:
ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விஞ்ஞானக் கழகத்துக்குத் தொலைகாட்டி எடுக்க வேணும். தரம் 10 பிள்ளைகள். இரண்டு தெரிவு இருக்கு. ஒன்று 127 மி.மீ. அகல ஆடி, 1000 மி.மீ. குவியத்தூரம், முக்காலியோடு வருவது. மற்றது 130 மி.மீ., 650 மி.மீ., மேசையில் வைத்துக் கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்புகிற சின்ன டொப்சன் வகை. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது கூடப் பெருப்பிக்கும் என்று கடையில் சொல்லுகினம். எது சரி? மாரிக்கு எப்படி வைக்கிறது?

ஆடிக்காரன்:
130/650 ஐ எடுங்கோ. 127/1000 இன் குழாயை அளந்து பாருங்கோ, அரை மீற்றர் அளவுதான் இருக்கும். 1000 மி.மீ. குவியத்தூரம் அரை மீற்றர் குழாய்க்குள் எப்படி அடங்கும்? உள்ளே இருப்பது பெரும்பாலும் கோள ஆடி. குவியத்தை நீட்ட, பார்வைத்துண்டு (கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லை) பூட்டுகிற குழாயின் அடியில் ஒரு வில்லை ஒட்டியிருப்பார்கள். மலிவு வில்லை என்றால் சனி எந்த நாளும் மங்கல்தான், ஆடியை நேராக்குவதும் பெரும்பாடு.

முக்காலியிலும் சிக்கல் இருக்கு. அது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரித்து வைக்கிற அச்சில் சுழலும் வகை, அகலக்கோட்டு அளவுக்கு அச்சைச் சரிக்க வேணும். வன்னி ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோடு, அச்சை அந்த அளவுக்குத் தாழ்த்தினால் குழாயைச் சமப்படுத்துகிற எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமும் 9 பாகை உயரத்தில் பனை மரங்களுக்குப் பின்னால்தான் நிற்கும்.

உருப்பெருக்கம் என்பது குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் மி.மீ. அளவால் பிரிப்பதுதான். 650 க்கு 25 மி.மீ. போட்டால் 26 தடவை, 10 மி.மீ. போட்டால் 65. பிறகு ஒரு நல்ல 6 மி.மீ. வாங்கினால் 108. ஆடியின் மி.மீ. அளவைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 260, கணக்கில் உச்சம். நடைமுறையில் 150 தாண்டினால் காற்றின் நடுக்கம்தான் பெருக்கும். பெட்டியில் 500 தடவை என்று அச்சடித்திருந்தால் அதைப் பெட்டியோடு விட்டுவிடுங்கோ.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. மேசை என்ன மாதிரி வேணும்? பிளாஸ்ரிக் மேசை இருக்கு.

ஆடிக்காரன்:
வேண்டாம், தொட்டாலே படம் ஆடும். 16×8×6 அங்குலச் சீமெந்துக் கல் ஆறு எடுத்து, அடுக்குக்கு இரண்டாக, ஒவ்வொரு அடுக்கையும் குறுக்கே மாற்றி மூன்று அடுக்கு வையுங்கோ. 18 அங்குல உயரம் வரும், பிள்ளைகள் கதிரையில் இருந்து பார்க்கலாம். கிணற்றுக் கட்டு உறுதிதான், ஆனால் கை தவறினால் பார்வைத்துண்டு தண்ணிக்குள்தான். பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்து நிலத்தையும் தகரக் கூரைப் பக்கத்தையும் தவிருங்கோ, சூடு எழும்பிப் படம் கொதிக்கும். புல் நிலம் நல்லது. பார்க்க அரை மணிக்கு முன்னமே வெளியில் வைத்துவிட வேணும்.

இருட்டுவில்லை:
இரண்டு ஆடியும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் மேலே சொன்னது ஒன்றும் உதவாது. பார்வைத்துண்டுக் குழாயின் தூசி மூடியில் சரி நடுவில் 2 மி.மீ. துளை போடுங்கோ. பகலில், வெளிச்சமான சுவரைப் பார்க்க, குழாயைக் கிடையாக வையுங்கோ. திருப்புளி நழுவினால் ஆடியில் விழாது. துளைக்குள்ளால் பார்த்து, குழாயின் வாய்ப்பக்கம் சரிவாக நிற்கிற சின்ன ஆடியின் முதுகிலுள்ள மூன்று திருகையும் மெல்லத் திருப்பி, பெரிய ஆடியின் மூன்று பிடிகளும் ஒரே அளவாகத் தெரியச் செய்யுங்கோ. அதுக்குப் பிறகுதான் பெரிய ஆடியின் பின்பக்கத் திருகுகள். துளையின் நிழற்புள்ளி பெரிய ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கிற வளையத்துக்குள் வரவேணும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். எல்லாத் திருகையும் இறுக்கிப் போட்டால் ஆடி நெரிபட்டு நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மி.மீ. பார்வைத்துண்டில் கொஞ்சம் குவியம் தவற விடுங்கோ. வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. பார்வைப் பரப்பின் ஓரத்தில் மட்டும் நட்சத்திரத்துக்கு வால் முளைத்தால் அது இந்தக் குட்டைக் குவிய ஆடியின் குணம், திருகைத் தொட வேண்டாம். திருகிக் குவிக்கிற வகைக் குழாய் ஆடினால், தண்ணிக் குழாய்ப் புரிக்குச் சுற்றுகிற வெள்ளை ரேப் இரண்டு சுற்று போதும்.

முக்கியம்: பகலில் பிள்ளைகள் சூரியனுக்குத் திருப்ப விடாதேங்கோ. பார்வைத்துண்டில் பூட்டுகிற சூரிய வடி கிடைத்தால் எறிந்துவிடுங்கோ, அது சூட்டில் வெடிக்கும்.

தெற்குவானம்:
சனியும் வியாழனும் எங்கேயும் பார்க்கலாம். 26 தடவையிலேயே வியாழனின் நான்கு நிலாவும் தெரியும். 2025 மார்ச்சில் விளிம்பாகிப்போன சனி வளையம் இப்போது மெல்ல விரிகிறது. வன்னியின் உண்மையான வசதி தெற்கு. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி இரவு ஒன்பது மணிக்குக் கரீனா நெபுலா என்கிற வாயு முகில் தெற்கில் 21 பாகை உயரத்தில் நிற்கும். வைகாசியில் அதே நேரத்துக்கு ஒமேகா சென்ரோரி நட்சத்திரக் கொத்து, 33 பாகை. இலண்டனில் இருக்கிறவைக்கு இரண்டும் அடிவானத்துக்கு மேலே வராது. அல்பா சென்ரோரி நட்சத்திரத்தை 65 தடவையில் பார்த்தால் இரண்டாகப் பிரியும். வேட்டைக்காரன் நெபுலா உச்சிக்குக் கிட்ட வரும், அங்கே டொப்சனைத் திருப்புவது சிரமம். அது கொஞ்சம் சரியும் வரை பொறுங்கோ.

குளக்கட்டில் வைத்தால் வானம் நல்ல திறப்பு, ஆனால் யானை வரும் இடம். பள்ளிக்கூட மைதானம் போதும்.

மாசிப் பனி மூசிப் பெய்யும் காலத்தில் ஆடி நனைந்தால் துடையாதேங்கோ. மூடி போடாமல், வாய் கீழே சரிய, வீட்டுக்குள் காய விடுங்கோ. ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம். ஐப்பசி தொடக்கம் தை வரை மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கோ. கொஞ்சத் தூசிக்கு ஒன்றும் ஆகாது. கழுவியே ஆகவேணும் என்றால் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான். எங்கட கிணற்றுத் தண்ணி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும், குடிக்கிற கேத்திலைப் பார்த்தாலே தெரியும்.