மூன்று பவர் சப்ளை எரிந்துவிட்டன, மின்னல் காரணமில்லை

பிறைவாசி:
பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள் என் கணினியில் மூன்று பவர் சப்ளை, ஒரு மதர்போர்டு, ஒரு ஹார்டு டிஸ்க் போய்விட்டன. இதுவரை 1,340 வெள்ளி (ரிங்கிட்) செலவு. திருமண அழைப்பிதழ் வடிவமைத்துத்தான் நான் பிழைக்கிறேன். போன வாரம் அச்சுக்குப் போக வேண்டிய அட்டை அந்த ஹார்டு டிஸ்க்கோடு போனது. பெண் வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அழுதேவிட்டேன்.

வீடு மலேசியாவில், பினாங்கின் பிறையில், இரட்டை மாடி வரிசை வீடு. கணினி மாடியின் பின்னறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "டப்" என்று ஒரு சத்தம், கெட்ட மீன் கருகியது போன்ற வாடை, அதோடு சரி. முதலாவது மலிவுச் சரக்கு, அதனால்தான் போனது என்றார் கடைக்காரர். நம்பினேன். இரண்டாவதாக வாங்கியது 80 பிளஸ் கோல்டு தரச்சான்று உள்ளது, 650 வாட். அது பத்து வாரம்கூட நிற்கவில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் மின்னல் என்கிறார்கள். நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்: மூன்று நாளும் மழை இல்லை. மூன்று முறையும் மாலை ஏழு மணியை ஒட்டித்தான் நடந்தது. அந்த ஏழு மணிதான் மனத்தை உறுத்துகிறது.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கணினி ஓடும்போது 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும், 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை. மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி பவர் சப்ளையை இழுத்துக் கெடுப்பதும் உண்டு.

பிறைவாசி:
தம்பி, அளந்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. கடையில் ஒன்பது நாள் இரவும் பகலும் ஓடவிட்டுப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் போனது.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
தங்கச்சி, அந்த ஒன்பது நாளிலேயே பாதி பதில் இருக்கிறது. குற்றம் கணினியில் இல்லை, வீட்டில். வீட்டுக்கு வருவது மும்முனை மின்சாரமா? மாலை ஏழு மணிக்கு வீட்டில் யார் எதைப் போடுகிறார்கள்? அந்த நேரத்தில் மாடி விளக்கு மங்குகிறதா, பிரகாசமாகிறதா?

பிறைவாசி:
ஐயா, மும்முனைதான். ஏழு மணிக்கு மாமனார் கீழே குளிப்பார். ஜனவரியில் எங்களோடு தங்க வந்தார். அவருக்காகத்தான் கீழே வாட்டர் ஹீட்டர் மாட்டினோம். இன்று வேண்டுமென்றே போடச் சொல்லிவிட்டு மாடியில் நின்று பார்த்தேன். விளக்கு பிரகாசமாகிறது! அந்த அறையில் இந்த ஆண்டு மட்டும் நான்கு எல்இடி பல்பு மாற்றியிருக்கிறேன். பல்பு மட்டம் என்று நினைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
முதலில் கணினியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டரை இன்று இரவு தொடவே வேண்டாம்.

மங்கினால் வேறு கதை. பிரகாசமாகிறது என்றால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மூன்று முனைகளுக்கும் பொதுவான திரும்பும் வழி நியூட்ரல். அது சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு முனையும் 230 வோல்ட்டில் நிற்கும். அது விட்டுப்போனால், இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை, வெவ்வேறு முனைகளில் இருக்கும் ஹீட்டரும் உங்கள் கணினியும் பங்கு போட்டுக்கொள்ளும். 15 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டருக்குக் குறைந்த பங்குதான் போகும், மிச்சமெல்லாம் கணினியின் தலையில் விழும். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய மின்தேக்கி பெரும்பாலும் 400 வோல்ட்டுக்குச் செய்தது. 230 வோல்ட்டின் உச்சம் 325, அதைத் தாங்கும். 290 ஆனால் உச்சம் 410. நீங்கள் கேட்ட "டப்" அதுதான்.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். மின்னோட்டம் மிஞ்சினால்தான் பிரேக்கர் விழும், மின்கசிவு இருந்தால்தான் ஆர்சிசிபி என்ற கசிவுக் காப்பு சுவிட்ச் விழும். மின்னழுத்தம் ஏறுவதை இரண்டுமே கவனிப்பதில்லை.

டிபி பெட்டியை, அதாவது வீட்டின் மின் விநியோகப் பெட்டியை, நீங்கள் திறக்க வேண்டாம், தம்பியும் திறக்க வேண்டாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற, மும்முனை வேலைக்கு அனுமதியுள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். கோளாறு மீட்டருக்கு முன்னால் என்று அவர் சொன்னால் மின்சாரம் வழங்கும் தெனாகா நிறுவனத்தின் 15454-க்கு அழையுங்கள்.

பிறைவாசி:
நேற்று வயர்மேன் வந்தார். மாடியில் 236 வோல்ட். கீழே ஹீட்டரைப் போட்டதும் 281. அளவுமானியைப் பார்த்ததும் என் கை நடுங்கியது.

பெட்டியைத் திறந்து எனக்கும் காட்டினார். மெயின் சுவிட்சில் நியூட்ரல் கம்பியைப் பிடிக்கும் திருகு ஆடிக்கொண்டிருந்தது. கம்பியின் முனை கருத்து, மேலுறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி விறைத்துப் போயிருந்தது. கருகியதை வெட்டிவிட்டு நல்ல செம்பு தெரியும்வரை சீவி, திருகையும் புதிதாகப் போட்டு முறுக்கினார். பிறகு ஹீட்டரோடு 234, ஹீட்டர் இல்லாமல் 235. மின்னழுத்தம் மிஞ்சினால் தானே துண்டித்துவிடும் கருவி ஒன்றையும் மாட்டச் சொல்லியிருக்கிறேன். கணினிக்கு 1,340 வெள்ளி செலவழித்தேன், இந்த வேலைக்கு 150. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

ஓய்வுபெற்ற வயர்மேன்:
நன்றி இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவரை மறுபடி கூப்பிட்டு அதே திருகை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், புதிய செம்பு கொஞ்சம் அமுங்கும். மின்னல் காப்புள்ள எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். இத்தனை நாள் 281 வாங்கிய பிறகு அதற்குள் இருக்கும் காப்பு செத்திருக்கும்.