பயணி ஏறாத பிரிட்டானிக்: தோற்ற கப்பலா?

நங்கூரம்:
டைட்டானிக்கின் தங்கை பிரிட்டானிக்கைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் "ராசியில்லாத கப்பல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. பயணிச் சேவைக்கே வராத கப்பலை எதை வைத்து மதிப்பிடுவது?

1914 பிப்ரவரி 26 அன்று பெல்ஃபாஸ்டில் நீரில் இறங்கியது. உள்வேலை முடியும் முன் முதல் உலகப்போர் மூண்டது. 1915 நவம்பரில் அரசு அதை எடுத்துக்கொண்டு, வெள்ளையடித்து, சிவப்புச் சிலுவை வரைந்து மருத்துவமனைக் கப்பலாக்கியது. மூவாயிரத்துக்கு மேல் படுக்கைகள். நியூயார்க்குக்கு ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. ஆனால் மத்தியதரைக்கடல் போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களை வீடு சேர்த்தது. ஆறாவது பயணத்தில், 1916 நவம்பர் 21 காலை, கிரேக்கத்தின் கீயா தீவருகே ஜெர்மன் நீர்மூழ்கி யூ-73 போட்டுவைத்திருந்த கண்ணிவெடி அதைத் தாக்கியது.

கப்பலில் இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். இறந்தவர்கள் 30. டைட்டானிக்கில் ஏறத்தாழ 1,500. அக்காவின் சாவிலிருந்து கற்ற கப்பல் இது: எஞ்சின், கொதிகலன் அறைகளுக்கு இரட்டைச் சுவர், ஒரு அறையில் புகுந்த நீர் அடுத்த அறைக்குப் பரவாதபடி மேல்தளம்வரை உயர்த்திய தடுப்புச்சுவர்கள், படகுகளைத் தூக்கி இறக்க ராட்சத கிரேன்கள். இதையா தோல்வி என்பது?

கொதிகலன்:
28 வருடம் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, 30 என்ற எண்ணை வைத்துக் கப்பலுக்கு மார்க் போடாதீர்கள்.

டைட்டானிக் 2 மணி 40 நிமிடம் தாங்கியது. பிரிட்டானிக் 55 நிமிடம்தான். ஆறு அறைகளில் நீர் புகுந்தாலும் மிதக்கும் என்று கட்டிய கப்பல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. வெடிப்பில், கொதிகலன் தொழிலாளர்கள் போய்வரும் முன்பக்கச் சுரங்கவழி உடைந்தது. ஆறாவது, ஐந்தாவது கொதிகலன் அறைகளுக்கு நடுவே இருந்த கதவு மூடவில்லை. அத்தனை செலவு செய்து உயர்த்திய சுவர் இருந்தும், கதவு திறந்து கிடந்தால் தண்ணீர் அதன் வழியாகவே போய்விடும்.

பிழைத்தவர்கள் பிழைத்ததற்குக் காரணம் வேறு. காலை 8 மணி தாண்டிய நேரம். மிதமான கடல்நீர். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். கீயா மீனவர்கள் படகோடு வந்தார்கள், போர்க்கப்பல்களும் சீக்கிரமே வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நோயாளிகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்த கப்பல். திரும்பி வரும்போது வெடித்திருந்தால்? எழுந்து நிற்க முடியாத 3,000 பேரை 55 நிமிடத்தில் எந்தக் கிரேன் இறக்கும்?

நங்கூரம்:
ஐயா, திரும்பும் பயணம் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆனால் கப்பலைக் குற்றம் சொல்வதை ஏற்கமாட்டேன். கீழ்த்தளங்களில் காற்றோட்டத்துக்காக நர்சுகள் வட்டச் சன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். கப்பல் கொஞ்சம் சாய்ந்ததும் வரிசையாக அந்தச் சன்னல்கள் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே போயின. தடுப்புச்சுவரின் கணக்கே அங்கே குலைந்துவிட்டது. வரைபடம் போட்டவர் அதற்கு என்ன செய்வார்?

கொதிகலன்:
வார்டில் படுக்கும் ஆட்களுக்குக் காற்று வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். அட்லாண்டிக் குளிருக்குக் கட்டிய கப்பலை மத்தியதரைக்கடலில் மருத்துவமனையாக ஓட்டினால் சன்னல் திறக்கத்தான் செய்யும். நர்சுகள் மேல் பழியைப் போடாதீர்கள்.

அலைவாய்:
இரண்டு பேரும் மூழ்கிய கணக்கிலேயே நிற்கிறீர்கள். அண்ணா முதலில் கேட்டது வேறு: பயணிச் சேவைக்கே வராத கப்பலை எதை வைத்து மதிப்பிடுவது?

போர் இல்லாமலே சேவைக்கு வராத கப்பல் உண்டு. இத்தாலியின் பிரின்சிபெஸ்ஸா யோலாண்டா, 1907 செப்டம்பர் 22, ரீவா த்ரிகோசோ. 9,000 டன்னுக்கு மேல். நாற்காலி மேசைவரை எல்லாம் பொருத்தி, கீழே பாரம் ஏற்றாமல், கூட்டம் கூடி நிற்கச் சறுக்குத்தளத்திலிருந்து இறக்கினார்கள். மேல் கனத்ததால் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கியது. அதைத் தோல்வி என்று தயங்காமல் சொல்லலாம். கட்டியவர்களின் தவறு அது.

எதிர்ப்பக்கம் கான்டே ரோஸ்ஸோ. 1914இல் ஸ்காட்லாந்தில் இத்தாலியக் கம்பெனிக்காக அடித்தளம் போட்டது. பிரிட்டன் கடற்படை பாதியில் வாங்கி, மேலே எல்லாம் வழித்துத் தட்டையாக்கி ஆர்கஸ் என்று பெயர் வைத்தது. முழு நீளத் தட்டைத் தளம் கொண்ட முதல் விமானந்தாங்கி. இரண்டு உலகப்போரையும் பார்த்து, 1946இல்தான் உடைக்கப் போனது. பயணிக் கப்பலாக இருந்திருந்தால் இவ்வளவு பேசப்பட்டிருக்குமா?

நங்கூரம்:
ஆர்கஸை இந்த வரிசையில் சேர்க்காதே தங்கச்சி. அது வேறு பிறவி எடுத்துவிட்டது. எனக்கு வலிப்பது பிறவியே முடியாமல் போனவை. பிரிட்டானிக்குக்காக ஜெர்மனியின் வெல்டே நிறுவனம் ஒரு தானியங்கி ஆர்கன் செய்தது. கப்பலில் ஏறவே இல்லை. கை மாறிக் கை மாறி இப்போது சுவிட்சர்லாந்தின் சேவெனில், இசைக் கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுது பார்க்கும்போது உள்ளே பிரிட்டானிக் பெயர் குறித்திருப்பதைக் கண்டார்கள். கப்பல் 120 மீட்டர் ஆழத்தில் கிடக்க, அதன் இசை மட்டும் மலைநாட்டில் ஒலிக்கிறது.

அலைவாய்:
ஆர்கனுக்காக அழலாம் அண்ணா, நானும் அழுவேன். ஆனால் ஸ்டாட்டன்டாம் நினைவிருக்கிறதா? டச்சுக் கம்பெனிக்காக அதே பெல்ஃபாஸ்ட் பட்டறையில் கட்டியது, 1914 ஜூலையில் நீரில் இறங்கியது. பிரிட்டன் எடுத்து ஜஸ்டிசியா என்ற துருப்புக் கப்பலாக்கியது. 1918 ஜூலை 19 அன்று அயர்லாந்துக்கு வடக்கே டார்பிடோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தும் இரவெல்லாம் மிதந்தது. மறுநாள் இன்னொரு நீர்மூழ்கி அடித்துத்தான் மூழ்கடித்தது. எஞ்சின் அறையில் 16 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி இங்கே ஒரு விவாத இழைகூட இல்லை. டைட்டானிக்கின் தங்கை என்பதால்தானே பிரிட்டானிக்குக்கு இத்தனை பாசம்?

நங்கூரம்:
உண்மைதான். ஜஸ்டிசியாவுக்குத் தனி இழை நானே தொடங்குகிறேன்.

கொதிகலன்:
அந்த 16 பேரைச் சொன்னதற்கு நன்றி அம்மா. என் ஆட்கள் அவர்கள்.

பிரிட்டானிக்கில் செத்தவர்களில் பெரும்பாலோர் எப்படிச் செத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேப்டன் பார்ட்லெட் கப்பலைத் தீவில் தரைதட்ட ஓட்டிக்கொண்டிருந்தார். உத்தரவில்லாமல் இறக்கிய இரண்டு படகுகள் சுற்றிக்கொண்டிருந்த இடது ப்ரொப்பல்லருக்குள் இழுக்கப்பட்டன. டைட்டானிக்கில் தப்பிய வயலெட் ஜெஸ்ஸப் இங்கேயும் கடலில் குதித்துத்தான் உயிர் பிழைத்தார். ஓடும்போது முன்பக்கத்தில் தண்ணீர் இன்னும் வேகமாகவும் புகுந்தது. ஆகவே கட்டுமானத்தைப் பற்றி நான் சொன்னதை மாற்றமாட்டேன்.

ஆனால் தம்பிக்காக ஒன்று. டைட்டானிக்கின் எஞ்சினியர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிரிட்டானிக்கில் கடைசிவரை கீழே நின்றவர்கள் நான்காவது புகைபோக்கிக்குள் ஏறி வெளியே வந்தார்கள். அந்தப் புகைபோக்கியில் கொதிகலன் புகை போவதில்லை. காற்றோட்டத்துக்கும், நான்கு இருந்தால் கப்பல் கம்பீரமாகத் தெரியும் என்பதற்கும் வைத்தது. வராமலே போன அந்தப் பயணிகளின் கண்ணுக்காக.