சீலிங்குக்கு மேலே ஈரம்: கூரை ஒழுகுகிறதா, காற்று வியர்க்கிறதா?

கேள்வி: பால்மர நிழல் (சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது என் பெற்றோர் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய தரைவீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு ஓட்டுக் கூரை. பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு மட்டும் தகரம் போட்டு, சீலிங் அடிக்காமல் விட்டிருக்கிறோம். சில மாதங்களாக அம்மா படுக்கும் அறையின் சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்து வருகின்றன. நடுக்கூடத்துச் சீலிங்கில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றி, மழைக்கு மழை பெரிதாகிறது. சமையலறையிலோ முதல் நாள் மழையே பெய்யாவிட்டாலும் விடியற்காலையில் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

பார்க்க வந்த குத்தகையாளர், சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்காமலேயே கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். இணையத்தில் படித்த கட்டுரைகள், அறையின் பக்கமாகச் சீலிங்கில் பிளாஸ்டிக் விரிப்பை அடித்து ஈரத்தை மறிக்கச் சொல்கின்றன. அம்மாவுக்கு இளைப்பு இருப்பதால் காலம் கடத்தவும் மனமில்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தைப்பிங் தச்சர்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு தண்ணீர் என்றே எனக்குப் படுகிறது. எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் கூரையைப் பிரித்தால் பணமும் போகும், ஈரமும் போகாது. ஆகவே, எவரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் நம்பிக்கையான ஒருவரைச் சீலிங்குக்கு மேலே ஏறச் சொல்லுங்கள். காலைக் கட்டையின் மேல்தான் ஊன்ற வேண்டும். சீலிங் பலகை ஆளைத் தாங்காது. ஏறியவர் முதலில் டார்ச் விளக்கை அணைத்துவிட்டு ஓடுகளைப் பார்க்கட்டும். வெளிச்சம் ஊசிபோல் நுழையும் இடங்கள் எல்லாம் மழையும் நுழையக்கூடிய இடங்கள். பிறகு விளக்கைப் போட்டு, கைமரங்களிலும் ரீப்பர்களிலும் தண்ணீர் வழிந்த கறை எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கித் தேட வேண்டும். ஓட்டின் வழியே இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் ஓடி, ஏதாவது ஆணியோ மூட்டோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். கூடத்து வளையத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றிவிட்டு, மறு மழையிலும் அதே வளையத்தைக் கண்டு மனம் வெறுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஓட்டுக் கூரையில் பெரும்பாலும் கோளாறு ஓட்டிலேயே இருக்காது. முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் சிமெண்டுப் பூச்சு வெயிலில் வெடித்திருக்கும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் போட்ட தகரம் துருப்பிடித்திருக்கும். அல்லது கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மறைப்புத் தகரம் விலகியிருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது கூரை விளிம்பிலுள்ள மழைநீர்க் கால்வாய். நம் பக்கத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலை உதிர்க்கும். அந்த இலைகள் கால்வாயில் மக்கி அடைத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் பின்னேர இடிமழை கொட்டும்போது தண்ணீர் வழிய இடமின்றி விளிம்பு ஓட்டுக்கு அடியில் ஏறி உள்ளே திரும்பும். ஆகவே மார்ச் கடைசியில் கால்வாயை ஒருமுறை வழித்தெடுப்பது எந்த மேற்பூச்சையும் விடப் பயன் தரும். அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பும் அதையே செய்யுங்கள்.

தண்ணீர்த் தொட்டி சீலிங்குக்கு மேலே இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். இரவில் தொட்டிக்கு வரும் குழாயை மூடி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, எவரும் தண்ணீர் எடுக்காமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு தொட்டியிலோ அதிலிருந்து போகும் குழாய்களிலோதான் இருக்கிறது. மட்டம் இறங்காவிட்டால், வரும் குழாயின் மூட்டையும், மிதவை பழுதாகித் தண்ணீர் நிரம்பி வழிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் இடம் பிடிபடவில்லை என்றால், மழையில்லாத நாளில் குழாய்த் தண்ணீரைக் கூரையின் கீழ்விளிம்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோக வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு காத்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எதுவுமே தெரியாது.

ஈரம் பட்ட கட்டையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அந்தக் கட்டை உளுத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ‘செங்ஙால்’ (chengal) என்ற வன்மரம் நெடுங்காலம் தாங்கும். மெராந்தி மரத்தில் பல வகைகள் ஈரத்துக்கு அவ்வளவு தாங்குவதில்லை. மண் குழல்கள் தெரிந்தால் கரையான் வந்துவிட்டது என்று பொருள். ஈரக் கட்டை அதற்கு நல்ல விருந்து.

மறுமொழி: ஈப்போ ஏர்கான்காரர்

தச்சர் ஐயா மழைத் தண்ணீரைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டும் காற்றிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் அவற்றை நான் விளக்குகிறேன்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை மறந்துவிடுங்கள். அது குளிர் நாடுகளுக்குச் சொன்ன வைத்தியம். அங்கே வீட்டுக்குள் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று மேலே ஏறி, குளிர்ந்த கூரையின் அடியில் பட்டு நீராகிறது. அதனால் அறைப்பக்கத்தில் தடுப்பு வைக்கிறார்கள். நம் ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே ஈரம் வெளியில் இருக்கிறது, குளிர்ச்சி ஏர்கான் போட்ட அறைக்குள் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராக மாறிவிடும். அம்மாவின் அறையில் ஏர்கானை இரவு முழுவதும் 18 டிகிரியில் வைத்து, அதன் காற்று சீலிங்கை நோக்கியே வீசினால், அந்தப் பலகையின் மேற்புறம் வியர்க்கத்தான் செய்யும். அதன் மேல் படிந்த தூசியும் பலகையின் தாளும் பூஞ்சைக்கு உணவாகின்றன. பழுப்பு வளையமின்றிப் பரவலாகக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் வருவது பெரும்பாலும் இதன் அடையாளம். அறைப்பக்கத்தில் பிளாஸ்டிக் அடித்தால் மேலிருந்து இறங்கும் ஈரம் பலகைக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகும்.

ஏர்கானை 25 டிகிரிக்கு உயர்த்தி, விசிறியோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். சீலிங்குக்கு மேலே போகும் செம்புக் குழாயைப் பாருங்கள். அதன் மேலுள்ள கறுப்பு நுரை உறை கிழிந்தோ, மூட்டில் விலகியோ இருந்தால், அந்த இடத்தில் குழாய் நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கும். குழாய் போகும் வழியிலேயே புள்ளிகள் வரிசையாக இருந்தால் காரணம் அதுதான். புதிய உறை போட்டு மூட்டுகளை நாடாவால் இறுகச் சுற்றினால் போதும். கூரையைத் தொடவே வேண்டாம். குளியலறை விசிறி சீலிங்குக்கு மேலேயே காற்றைத் தள்ளினால், குழாய் இணைத்து அதைச் சுவருக்கு வெளியே விடுங்கள்.

சமையலறைத் தகரத்தைப் பொறுத்தவரை, மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அடியிலுள்ள ஈரக் காற்று அதில் பட்டு நீராகி விடியலில் சொட்டுகிறது. மழை பெய்யாத இரவுக்குப் பிறகும் சொட்டுவதற்கு இதுவே காரணம். காற்றுத் துளைகளைக் கூட்டுவது பகலில் கட்டை உலர உதவும். ஆனால் இரவில் உள்ளே வரும் காற்றும் ஈரமானதுதான் என்பதால் சொட்டுவதை அது நிறுத்தாது. அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பைத் தகரத்தின் அடியில் இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். குளிர்ந்த தகரத்தைக் காற்று தொடாவிட்டால் சொட்டவும் சொட்டாது.

மறுமொழி: தாப்பா தாதி

நோயாளி இருக்கும் வீடு என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்து முடிக்கும் வரை அம்மாவை வேறு அறையில் படுக்க வையுங்கள். பூஞ்சையை உலர்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டினால் அதன் வித்துகள் காற்றில் பரவி இளைப்பைக் கிளப்பிவிடும். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர விடுங்கள். ஊறி உப்பிய பலகையைத் துடைத்துப் பயனில்லை; வெட்டியெடுத்து மாற்ற வேண்டும். பூஞ்சையின் மேல் சாயம் பூசி மறைத்தால் அது சாயத்தையும் மீறி வரும். குளோரின் திரவத்தை வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்க வேண்டாம், நச்சுவாயு கிளம்பும்.

இன்னொன்று. பழைய வீடுகளில் சீலிங் பலகையும் நெளிந்த சிமெண்டுத் தகடும் அஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கக்கூடும். உங்கள் பலகை எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை அதை அறுக்கவோ, துளைக்கவோ, தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

பால்மர நிழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மச்சானை மேலே ஏற்றிப் பார்த்தோம். பள்ளத்துத் தகரம் துருவேறி ஓட்டையாகியிருக்கிறது. கூடத்து வளையத்துக்கு அதுவே காரணம். அறைக்கு மேலே செம்புக் குழாயின் உறை ஒரு முழ நீளத்துக்குப் பிய்ந்து தொங்குகிறது. கட்டைகள் உறுதியாகவே இருக்கின்றன. சீலிங் ஜிப்சம் பலகைதான் என்று ஓரத்துத் தாளைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். பள்ளத்துத் தகரத்தை மாற்றும்போது பக்கத்து ஓடுகளைக் கழற்ற வேண்டியிருக்குமா?

தைப்பிங் தச்சர்

வேண்டியிருக்கும், சகோதரி. பள்ளத்தின் இருபுறமும் உள்ள ஓடுகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வெட்டிய ஓடுகள் இடம் மாறினால் பொருந்தாது. புதிய தகரம் பழையதைவிட அகலமாக இருக்கட்டும். இரு ஓரமும் மேல்நோக்கி மடித்திருக்க வேண்டும். பள்ளத்தின் நடுவில் ஆணி அடிக்க விடாதீர்கள். தகரம் போட்டதும், ஓடுகளைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, அது முழுவதும் கால்வாயில் வந்து விழுகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.