பசை வாடையால கால் மரத்துப்போகுது, சேலத்துல யார்கிட்ட காட்டலாம்?

வணக்கங்க. சேலம் குகை ஏரியாப் பக்கம் பேக் தைக்கிற பட்டறையில என் மச்சான் வேலை. நாள் பூரா ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுறதுதான். ஜன்னல்னு பேருக்கு ஒண்ணு, மழைக்காலத்துல அதையும் சாத்திடுவாங்க. கொஞ்ச நாளா ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டாலே தெரியலை. சுகர் பார்த்தாச்சு, நார்மல். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க.

எனக்குப் பசை மேலதான் சந்தேகம். இந்த மாதிரிப் பசைகள்ல என்-ஹெக்சேன்ங்கற, சீக்கிரம் ஆவியாகற கரைப்பான் இருக்கறதுண்டு; கல்லீரல் அதை 2,5-ஹெக்சேன்டையோனா மாத்தும், அதுதான் நரம்பைக் கெடுக்கறது. கூட மெத்தில் எத்தில் கீட்டோன்ங்கற இன்னொரு கரைப்பானும் கலந்திருந்தா பாதிப்பு இன்னும் அதிகம். வேலையை நிறுத்தின பிறகும் சில மாசம் மோசமாகிட்டே போகலாம், அதான் பயம். டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு ஒரு வரி இல்லை! முதலாளி கர்ச்சீப் கட்டிக்கச் சொல்றார். துணி எங்கங்க ஆவியைத் தடுக்கும்?

சேலம் அரசு மருத்துவமனையில நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் (நரம்பு சரியா வேலை செய்யுதான்னு பார்க்கற சோதனை) எந்த நாள்ல எடுக்கறாங்க? இ.எஸ்.ஐ. கார்டு இருக்கு, தொழில் நோய்னு பதிய எங்க ஆரம்பிக்கணும்? கார்பன் ஃபில்டர் மாஸ்க் உள்ளூர்லயே கிடைக்குமா? தண்ணில கரையற பசைக்கு மாறின பட்டறைக்காரங்க யாராவது இருந்தா, ஒட்டு நிக்குதான்னு மட்டும் சொல்லுங்க. முதலாளிகிட்ட பேச அது போதும்.