ஒன்பது தரம் ஆடினவனுக்கு நாலு எண்டு போட்டிருக்கு!

2025 ஒக்டோபர் 27, திங்கள் இரவு. எங்கள் டொரொண்டோ புளூ ஜேஸுக்கும் டொட்ஜர்ஸுக்கும் பேஸ்போல் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சல்ஸில். நாங்கள் டொரொண்டோவில், ஸ்காபரோப் பக்கம், பெரியப்பா வீட்டு ஹோலில். விடிந்தால் எல்லாருக்கும் வேலை. இரவு எட்டு மணிக்குப் பிறகு தொடங்கிய ஆட்டம் எப்படியும் பதினொன்றரைக்குள் முடிந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தோம், முடிந்தபோது மணி 2.50. ஒன்பது இன்னிங்ஸ் ஆட வேண்டிய இடத்தில் பதினெட்டு. பிரெடி பிரீமன் கடைசியாக அடித்த ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்து வேலிக்கு வெளியே) டொட்ஜர்ஸ் 6-5 என்று வென்றது. பெரியம்மா இரண்டாவது தேத்தண்ணியோடேயே படுக்கப் போய்விட்டார், புத்திசாலி.

நான் சொல்ல வந்தது தோல்வியைப் பற்றி அல்ல. அடுத்த நாள் பின்னேரம் பெரியப்பா போனில் ஸ்கோர்கார்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த காலம் முழுக்க ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு, கொப்பியில் தானே ஸ்கோர் எழுதின மனுசன், ஒரு பந்து கணக்கில் தவறினாலும் விடமாட்டார். "இஞ்ச பார், டொட்ஜர்ஸின்ர உந்த ஒஹ்டானி ஒன்பது தரம் ஆட வந்தவன், நான் எண்ணினனான். இதில நாலு எண்டு போட்டிருக்கு. கணக்கு எழுதினவனும் நித்திரையோ?"

எனக்குச் சிரிப்பு, ஆனால் உடனே பதில் வரவில்லை, ஏனென்றால் நானும் அந்த ஸ்கோர்கார்டை ஒருநாளும் ஒழுங்காக வாசித்ததில்லை, வெற்றி தோல்வியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். பிறகு இரண்டு பேருமாக வரி வரியாகப் பார்த்தோம். ஒஹ்டானி முதல் நான்கு தடவையும் அடித்தது டபிள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ், அதாவது ஓடிச் சேர வேண்டிய இரண்டாவது இடம் வரை), ஹோம் ரன், டபிள், ஹோம் ரன். அதற்குப் பிறகு புளூ ஜேஸுக்குப் பயம் பிடித்துவிட்டது. அடிக்கவே விடாமல் நான்கு தரம் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார்கள், பேஸ்களில் ஒருத்தருமே இல்லாத நேரத்திலும்கூட. 2017 முதல் அதற்குப் பந்துகூட எறியத் தேவையில்லை, மனேஜர் கையைக் காட்டினால் போதும். ஐந்தாவது தரம் உண்மையிலேயே நான்கு பந்து வெளியே போய் முதல் பேஸ். இப்படி அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனால், இரண்டு வகையும் வாக்தான். வாக் கிடைத்தால் அது "அட் பேட்", அதாவது ஸ்கோர்கார்டில் போடும் ஆடின தரக் கணக்கில் சேராது, அதனால் ஒன்பது தரம் வந்தும் நாலு தரத்துக்கு நாலு அடி. ஒன்பது தரமும் பேஸில் ஏறியவர் பிளேஓஃப் (வழக்கமான சீசன் முடிந்த பிறகு வரும்) ஆட்டங்களில் அதற்கு முதல் ஒருவரும் இல்லை.

"அப்ப வைட் மாதிரி. அதுவும் பற்ஸ்மனின்ர பந்துக் கணக்கில வராது" என்றார் பெரியப்பா. எனக்கு இவ்வளவு வருசமாக ஒருத்தரும் இதை இப்படிச் சொல்லித் தரவில்லை!

அப்புறம் மேலே உள்ள இன்னிங்ஸ் வரிசையைக் காட்டினார். ஏழாவதோடு 5-5. அதன் பிறகு புளூ ஜேஸுக்குப் பதினொரு சைபர், டொட்ஜர்ஸுக்குப் பத்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு ஒன்று. டிவியில் பார்க்கும்போது ஒவ்வொரு இன்னிங்ஸும் நெஞ்சு இடித்தது, இங்கே பார்த்தால் வெறும் முட்டை வரிசை. ஆனால் அந்த முட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சேர்த்து பந்து எறிகிற 19 பிட்ச்சர்கள், 609 பந்துகள். டொட்ஜர்ஸில் வில் கிளைன் என்று நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர் கடைசி நான்கு இன்னிங்ஸில் 72 பந்து எறிந்து ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. பேஸ்போலில் வெற்றியை ஒரு பிட்ச்சர் பெயரில் எழுதுவார்கள், இந்த வெற்றிக் கணக்கு அவர் பெயரில்தான். இரவு நான் அவரைக் கவனிக்கவே இல்லை, என் கண் முழுக்க ஒஹ்டானியில்.

அன்றிரவே நான்காவது ஆட்டம், நாங்கள் 6-2 என்று வென்றோம். நான் அரை நித்திரையில் கத்திக்கொண்டிருக்க, பெரியப்பாவிடமிருந்து போன். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒஹ்டானிக்கு இண்டைக்கு ஒரே ஒரு வாக். மிச்சம் மூண்டுக்குச் சைபர். சரிதானே?"